பாறை உச்சியில் ஒரு குட்டிக் கோட்டை: வாசகர் கேள்வி பதில்

நியூயார்க் நகரத்துச் சென்ட்ரல் பார்க்கில் பாறையொன்றின் உச்சியில் நிற்கும் பெல்வெடியர் கோட்டையைப் பற்றிச் சென்ற இதழில் நான்கே வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், தாமிரபரணிக் கரையில் வீட்டுக்கு ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார் போலும். மகன் வீட்டில் ஐந்து மாதம் தங்கியிருந்தபோது அந்தப் பாறைமேல் பத்துப் பன்னிரண்டு முறையாவது ஏறியிருக்கிறேன் என்பதும், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன் என்பதும் மட்டுமே இந்தப் பதில்களைச் சொல்ல எனக்குள்ள தகுதிகள்.

கேள்வி: என் மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். வரும் செப்டம்பரில் நானும் என் மனைவியும் அங்கே போகிறோம். எனக்கு வயது 68. மனைவிக்கு மூட்டுவலி உண்டு. அந்தக் கோட்டைக்கு எப்படிப் போவது, எவ்வளவு ஏற வேண்டியிருக்கும்? அவ்வளவு சிரமப்பட்டுப் போய்ப் பார்க்கத் தக்க இடந்தானா?
— பாளையங்கோட்டை வாசகர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கோட்டை என்ற சொல்லை நம்பிப் போனால் ஏமாந்துபோவீர்கள். ஒரு கோபுரம், இரண்டு மூன்று மொட்டைமாடிகள், உள்ளே சிறு அறைகள். இவற்றைச் சுற்றிவரக் கால் மணி நேரம்கூட ஆகாது. பெல்வெடியர் என்பது இத்தாலியச் சொல். அழகிய காட்சி என்று பொருள். திண்ணையைப் பார்ப்பதற்காக யாரும் திண்ணைக்குப் போவதில்லை. அதில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கத்தான் போகிறோம். இந்தக் கோட்டையும் அப்படி ஒரு திண்ணை என்று எண்ணிக்கொண்டு, அரை நாள் ஒதுக்கிப் போனால், போனது வீணாகாது.

அந்தத் திண்ணைக்கு வாய்த்த தெரு சாதாரணமானதன்று. சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர் பரப்புள்ளது. 59ஆம் தெருவிலிருந்து 110ஆம் தெரு வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமும், 800 மீட்டர் அகலமும் கொண்ட நீள்சதுரம். அதன் நடுவாந்திரத்தில், 79ஆம் தெருவுக்கு நேராக இந்தப் பாறை இருக்கிறது. வடக்கே பார்த்தால் பாறையின் அடியிலேயே ஆமைக்குளமும், அதன் மேற்குக் கரையில் டெலகார்ட் என்னும் திறந்தவெளி நாடக அரங்கும், அவற்றுக்கு அப்பால் பெரும்புல்வெளியும் விரிந்து கிடக்கும். கிழக்கே மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், மேற்கே இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். தெற்கே ராம்பிள் எனப்படும் அடர்ந்த சோலை. அந்தச் சோலையின் மரத்தலைகளுக்கு மேலே, ஊசி நட்டு வைத்தாற்போல மிட்டவுன் பகுதியின் கட்டடங்கள் எழுந்து நிற்பதைப் பார்க்கும்போதுதான் எவ்வளவு பெரிய நகரத்தின் நடுவில் நிற்கிறோம் என்பது உறைக்கும். மாஞ்சோலை மலையில் குதிரைவெட்டியில் நின்று கீழே அணையையும் சமவெளியையும் பார்த்தவர்களுக்கு உயரம் ஒரு பொருட்டாகத் தோன்றாது. நகரத்தைக் காட்டின் வழியாகப் பார்க்கிறோமே, அதுதான் அங்கே புதிது.

இனி வழி. தங்கள் மகள் வீட்டிலிருந்து நியூஜெர்சி ரயிலில் பென் ஸ்டேஷன் வந்துவிட்டால், அங்கேயே சுரங்க ரயிலில் சி தடத்தைப் பிடித்து 81ஆம் தெரு நிலையத்தில் இறங்கலாம். நிலையத்துச் சுவர்களில் விலங்குகளின் உருவங்களைச் சில்லுகளால் பதித்திருப்பார்கள். இறங்க வேண்டிய இடம் இதுதான் என்று அதைக் கொண்டே தெரிந்துகொள்ளலாம். மேலே வந்து சாலையைக் கடந்தால் பூங்காவின் வாசல். உள்ளே சென்று ஷேக்ஸ்பியர் தோட்டத்தின் வழியாகப் படிகளில் ஏறுவது அழகான வழி. ஆனால் தங்கள் மனைவியார் அந்தப் படிகளைத் தவிர்த்து, சரிவான பாதையில் மெல்ல நடந்து வருவதே நல்லது. கோட்டையின் கீழ்மாடியை அடைந்துவிட்டால் போதும், காட்சியில் முக்கால்வாசி கிடைத்துவிடும். கோபுரத்துக்குள் இருக்கும் சுழல்படி மிகவும் குறுகலானது. இறங்குகிறவர்களுக்கு ஏறுகிறவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கும். அதைத் தாங்கள் மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்னால், அம்மையாருக்குக் குறையொன்றும் இராது.

கட்டணம் இல்லை. பூங்கா காலை 6 மணி முதல் இரவு 1 மணி வரை திறந்திருந்தாலும், கோட்டைக்குள் பகல் நேரத்தில் மட்டுமே விடுவார்கள் என்பதால் காலை 10 மணிக்கு மேல் அங்கே இருக்கும்படி புறப்படுங்கள். சனி, ஞாயிறுகளில் போகாதீர்கள். மழை பெய்து ஓய்ந்த உடனேயும் போகாதீர்கள். கல்தளம் வழுக்கும் என்பதை நான் விழுந்து தெரிந்துகொண்டேன்.

இன்னொரு எச்சரிக்கை. பூங்கா வாசலில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் வந்து சூழ்வார்கள். ஒருவர் என்னிடம் 5 டாலர் என்றார். நம் ஊர் ஆட்டோவுக்கு இது பரவாயில்லையே என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். அது நிமிடத்துக்கு 5 டாலர் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது. நிமிடக் கட்டணத்தை வண்டியில் எழுதி மாட்டியிருக்க வேண்டும் என்பது அந்த நகரத்துச் சட்டம்; ஏறுவதற்கு முன் அந்தப் பலகையைப் படியுங்கள். எப்படியும் அந்த வண்டி பாறை உச்சி வரை வராது.

கேள்வி: அந்தக் கோட்டையைக் கட்டிய அரசர் யார்? எந்தப் போரில் அது பயன்பட்டது?
— அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: அரசரும் இல்லை, போரும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு பூங்காவைச் சுற்றிக் காட்டிய வழிகாட்டி ஒருவர், இதை ஸ்காட்லாந்து அரசர் ஒருவர் கட்டினார் என்று எங்கள் கூட்டத்துக்கு நடுவில் நின்று கூசாமல் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அதைக் குறித்தும் கொண்டார்கள்.

நடந்தது இது. மன்ஹாட்டன் தீவின் நடுவில் பெரிய பூங்கா ஒன்று அமைப்பதற்காக நடத்தப்பட்ட போட்டியில், ஃபிரடெரிக் லா ஓல்ம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் ஆகிய இருவரும் சேர்ந்து அளித்த திட்டம் 1858இல் தேர்வு பெற்றது. அந்தப் பூங்காவுக்குள் கட்டடங்களே துருத்திக்கொண்டு தெரியக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. ஆயினும் இந்தப் பாறையின்மேல் மட்டும் கண்ணை இழுக்கும்படி ஏதேனும் நிற்க வேண்டும் என்று கருதி, வாக்ஸும் ஜேக்கப் ரே மோல்டு என்னும் கட்டடக் கலைஞரும் 1865ஆம் ஆண்டளவில் கோட்டை வடிவில் ஒன்றை வரைந்தார்கள். அதே பூங்காவில் வெட்டியெடுத்த கல்லையே கொண்டு எழுப்பிய கட்டடம் 1872இல் முடிந்தது. அக்காலத்து ஆங்கிலேயச் செல்வர்கள் தம் தோட்டங்களில் பயன் எதுவும் கருதாமல், அழகுக்காக மட்டும் பாழடைந்த கோட்டை, சிறு கோபுரம் என்று கட்டி வைப்பார்கள். அந்த வகையைச் சேர்ந்தது இது. முதலில் கதவுகளும் சன்னல் கண்ணாடிகளும்கூடக் கிடையா. காற்றும் மழையும் தாராளமாக வந்துபோகும் வெறும் கூடு. வரைபடத்தில் இரண்டு கட்டடங்கள் இருந்தன. செலவு கட்டுப்படியாகாததால் இரண்டாவதற்குப் பதிலாக மர மண்டபம் ஒன்றை நிறுத்தி முடித்துவிட்டார்கள்.

இதில் ஒரு கண்கட்டு வித்தையும் இருக்கிறது. தெற்கேயுள்ள பெத்தெஸ்டா மேடையில் நின்று ஏரிக்கு அக்கரையில் பார்க்கிறவருக்குக் கோட்டை தொலைதூரத்தில், மலைமேல் இருப்பதுபோலத் தோன்ற வேண்டும் என்பதற்காக அளவைச் சிறிதாக வைத்தே கட்டினார்கள். பொருள் சிறிதாகத் தெரிந்தால் அது தொலைவில் இருக்கிறது என்று கண் எண்ணிக்கொள்ளும். தேர்ந்த ஓவியன் திரைச்சீலையில் செய்வதை இவர்கள் கல்லில் செய்தார்கள். இப்போது ராம்பிள் சோலையின் மரங்கள் வளர்ந்து அந்தப் பார்வையைப் பெரும்பாலும் மறைத்துவிட்டன. இலையுதிர்ந்த காலத்தில் பார்த்தால் ஓரளவு தெரியும்.

பாஞ்சாலங்குறிச்சியில் நாம் இன்று காணும் கோட்டையும் 1974இல் அரசு எழுப்பிய நினைவுக் கட்டடந்தான். ஆனால் அங்கே 1801இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய உண்மையான கோட்டை ஒன்று இருந்தது. மண்ணுக்கடியில் அதன் அடித்தளம் இருந்தது. பெல்வெடியரில் பாறைக்கு மேலே அப்படி நினைவுகூர எதுவும் இல்லை. பாறைக்கு உள்ளே உண்டு. அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: சார்வாள், உங்கள் வகுப்பில் படித்தவன் நான். எங்கே போனாலும் கல்லைப் பொறுக்கிப் பார்ப்பீர்களே, அந்தப் பாறையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே?
— கல்லிடைக்குறிச்சி வாசகர்

பதில்: ஆளைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறாய், தம்பி. எனக்குக் கோட்டையைவிடப் பாறைதான் பெரிது. விஸ்டா ராக் என்று பெயர். பூங்காவின் இயற்கையான மேடுகளில் இரண்டாவது உயரம். மன்ஹாட்டன் சிஸ்ட் எனப்படும் உருமாறிய பாறை வகை அது. கடலடியில் படிந்த சேறும் களிமண்ணும், ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தட்டுகள் மோதியபோது நசுங்கி வெந்து இப்படி ஆயின. வெயிலில் மினுமினுக்கும், அந்த மினுமினுப்பு, சிறு வயதில் நாம் ஆற்று மணலில் தேடிப் பொறுக்கிய காக்காப்பொன்னேதான். பூங்காவின் பாறைகள் பலவற்றில் ஒரே திசையில் ஓடும் நீண்ட கீறல்களையும் பள்ளங்களையும் காணலாம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை அந்தத் தீவை மூடி நகர்ந்துகொண்டிருந்த பனிப்படலம், தன் அடியில் சிக்கிய கற்களைக் கொண்டு உழுதுவிட்டுப் போன தடங்கள் அவை. பாடப்புத்தகத்தில் படம் போட்டு முப்பது ஆண்டுகள் நடத்திய ஒன்றை, ஓய்வு பெற்ற பிறகு விரலால் தடவிப் பார்த்தேன்.

பாறைக்கு உள்ளே என்றேன் அல்லவா? பூங்காவைக் குறுக்கே கடக்கும் நான்கு சாலைகளையும் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் ஓட விட்டது ஓல்ம்ஸ்டெட், வாக்ஸ் திட்டத்தின் மிகச் சிறந்த கூறு. நம் திருநெல்வேலிச் சந்திப்பில் ரயிலுக்கு மேலே ஈரடுக்கு மேம்பாலம் எழுப்பியதுபோல, அவர்கள் அதைக் கீழே செய்தார்கள். மேலே உலவுகிறவருக்கு வண்டிகளே கண்ணில் படா. 79ஆம் தெருவுக்கான சாலை இந்தப் பாறையைக் குடைந்துகொண்டு போகிறது. டைனமைட்டு கண்டுபிடிக்கப்படாத காலம் அது; கருமருந்தைத் திணித்து வெடித்தே பாறையை உடைத்தார்கள். இன்றும் கிழக்கு, மேற்கு எனப் பூங்காவின் இருபுறமும் போய்வரும் எம் 79 பேருந்தில் உட்கார்ந்திருப்பவர்கள், தங்கள் தலைக்கு மேலே ஒரு கோட்டை இருப்பது தெரியாமலே கடந்து போகிறார்கள்.

கேள்வி: அமெரிக்கச் செய்திகளில் நியூயார்க்கின் வெப்பநிலை, மழையளவு ஆகியவற்றைச் சொல்லும்போதெல்லாம் சென்ட்ரல் பார்க் என்றே சொல்கிறார்களே, ஏன்?
— சங்கரன்கோவில் வாசகி

பதில்: திருநெல்வேலியின் வெயிலை வானொலியில் பாளையங்கோட்டை என்று சொல்வது எதனாலோ, அதனால்தான். அளக்கும் கருவி எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் பெயரால்தான் அளவைச் சொல்ல வேண்டும்.

அந்தப் பூங்காவில் வானிலைப் பதிவு 1869இல் தொடங்கியது. அப்போது கருவிகள் தென்கிழக்கு மூலையில், ஆர்சனல் என்னும் கட்டடத்தில் இருந்தன. 1919இல் அமெரிக்க வானிலைத் துறை பெல்வெடியர் கோட்டைக்குக் குடிபெயர்ந்தது. பயன் எதுவும் கருதாமல் கட்டிய கட்டடத்துக்கு ஒரு வேலை கிடைத்தது அப்போதுதான். கதவு, சன்னல்களை அடைத்தார்கள்; காற்றளக்கும் கருவிகளை வைப்பதற்காகக் கோபுரத்தின் உச்சியை மாற்றியமைத்தார்கள். 1960களில் தானியங்கிக் கருவிகள் வந்து ஆட்களுக்கு வேலையில்லாமல் போனதும் கோட்டையைப் பூட்டிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு கேட்பாரற்றுக் கிடந்து, சுவரெல்லாம் கிறுக்கலும் உடைசலுமாகப் பாழடைந்தது. பாழடைந்ததுபோன்ற தோற்றத்துக்காகவே இத்தகைய கட்டடங்களை எழுப்பிய ஆங்கிலேயர்கள் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்களோ என்னவோ. 1980இல் உருவான சென்ட்ரல் பார்க் பாதுகாப்பு அமைப்பு அதைச் செப்பனிட்டு 1983இல் திறந்தது. பின்னர் 2018இல் மீண்டும் மூடி, நீர்க்கசிவை அடைத்து, மாடியின் மூலையில் முன்பிருந்த மரக் கோபுரத்தைப் பழையபடி அமைத்து, தெளிந்த கண்ணாடிகள் பொருத்தி, 2019 ஜூனில் திறந்தார்கள். இன்று தாங்கள் பார்க்கப் போவது இந்தக் கோலத்தைத்தான்.

காற்றுக் கருவி இன்றும் கோபுரத்தின்மேல் சுழல்கிறது. வெப்பமானியும் மழைமானியும் கோட்டைக்குச் சற்றுத் தெற்கே வேலியிட்ட சிறு அடைப்புக்குள் இருக்கின்றன. சுற்றிலும் மரங்கள் வளர்ந்து நிழல் கட்டிவிட்டதால் அங்கே பதிவாகும் வெப்பம் ஊரின் உண்மையான வெப்பத்தைவிடச் சற்றுக் குறைவு என்று வானிலை ஆர்வலர்கள் குறைபட்டுக்கொள்வதுண்டு. அந்த வேலியைச் சுற்றுலாப் பயணிகள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் அங்கே நின்ற நேரந்தான் அதிகம். அங்கே பதிவான மிகக் கூடுதலான வெப்பம் 1936 ஜூலை 9 அன்று 41 டிகிரி செல்சியஸ். மிகக் குறைந்தது 1934 பிப்ரவரி 9 அன்று பூச்சியத்துக்குக் கீழே 26 டிகிரி. முன்னதை நாம் அக்கினி நட்சத்திரத்தில் மோர் குடித்துச் சமாளித்துவிடுவோம். பின்னதற்கு நம்மிடம் பதில் இல்லை. 2021 செப்டம்பர் 1 அன்று ஐடா புயலின் எச்சம் அங்கே ஒரே மணி நேரத்தில் 8 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. சுரங்க ரயில் நிலையங்களுக்குள் தண்ணீர் அருவியாக இறங்கியதை உலகமே பார்த்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்து, நம் ஆற்றில் வந்த வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு, எங்கோ ஒரு வேலிக்குள் இருக்கும் மழைமானியின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: பூங்கா அமைவதற்கு முன் அந்த இடத்தில் யாரும் குடியிருக்கவில்லையா?
— வள்ளியூர் வாசகர்

பதில்: இருந்தார்கள். கோட்டையில் நின்று வடமேற்கே பார்த்தால் மரங்களுக்குப் பின்னால், 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் இடையே செனகா வில்லேஜ் என்ற ஊர் இருந்தது. 1825இல் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் நிலம் வாங்கிக் குடியேறிய ஊர். அடிமை முறை நாட்டின் தென்பகுதியில் நீடித்துக்கொண்டிருந்த காலத்தில், சொந்த நிலமும் சொந்த வீடும் உடைய கறுப்பின மக்களின் ஊர் அது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் கறுப்பின ஆண்கள் வாக்களிப்பதற்கு 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும் என்ற விதி இருந்ததால், அந்த நிலம் வாக்குரிமையும் ஆயிற்று. 1855ஆம் ஆண்டளவில் அங்கே ஏறத்தாழ 225 பேர் இருந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஐரிஷ்காரர்கள். மூன்று தேவாலயங்களும் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. பூங்காவுக்காக நிலத்தை அரசு கையகப்படுத்தி, 1857இல் எல்லோரையும் வெளியேற்றியது. இழப்பீடு கொடுத்தார்கள், போதாது என்று நீதிமன்றத்துக்குப் போனவர்களும் உண்டு. பூங்காவின் எல்லைக்குள் இப்படி இடம்பெயர்ந்தவர்கள் மொத்தம் ஏறத்தாழ 1,600 பேர். பூங்காவிலேயே மிக உயரமான சம்மிட் ராக் அந்த ஊரின் பக்கத்தில்தான் இருக்கிறது. கோட்டையிலிருந்து இறங்கி மேற்கே கால் மணி நேரம் நடந்தால் போகலாம். ஊர் இருந்த இடத்தில் இப்போது அதன் வரலாற்றைச் சொல்லும் பலகைகள் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் படிக்காமல் திரும்புகிறவர்கள் பூங்காவைப் பாதிதான் பார்த்தவர்கள் என்பது என் கருத்து.

கேள்வி: கோட்டைக்குக் கீழே இருக்கும் ஆமைக்குளம் இயற்கையானதா?
— தென்காசி வாசகி

பதில்: இல்லை. பெரும்புல்வெளியும் குளமும் இருக்கும் இடம் முழுவதும் ஒரு காலத்தில் நகரத்தின் குடிநீர்த் தேக்கம். குரோட்டன் ஆற்று நீரை 60 கிலோமீட்டருக்கு மேல் கல்வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து 1842இல் அதில் நிரப்பினார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் நம் ஆற்றின் குறுக்கே சுலோசன முதலியார் பாலம் திறக்கப்பட்டது. ஆகவே வாக்ஸும் மோல்டும் கோட்டையைக் கட்டியபோது, அதன் வடக்கே தெரிந்தது செவ்வகத் தொட்டி ஒன்றின் நீர்ப்பரப்பு. 1930களின் தொடக்கத்தில் தேக்கத்தை வற்றடித்தார்கள். பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வேலையும் வீடும் இழந்தவர்கள் அந்தக் காய்ந்த தரையில் குடிசை போட்டுச் சில காலம் வாழ்ந்தார்கள். அதன் பிறகே புல்வெளி. பாறையடியில் மிஞ்சிய பள்ளம் குளமாயிற்று. அதிலுள்ள ஆமைகளில் பெரும்பாலானவை, வீட்டில் வளர்த்து அலுத்துப்போனவர்கள் கொண்டுவந்து விட்டவை. தீனி போடாதீர்கள்.

கேள்வி: பறவைகள் உண்டா?
— களக்காடு வாசகர்

பதில்: 200க்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டிருக்கிறார்கள். கூந்தன்குளத்துக்கு வருகிறவை தங்கிக் குஞ்சு பொரிக்கும். ராம்பிளுக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை வழிப்போக்கர்கள். கான்கிரீட் கடலில் பச்சையாகத் தெரிவது அது ஒன்றுதான் என்பதால், ஏப்ரல், மே மாதங்களிலும் பின்பு இலையுதிர் காலத்திலும் வலசை வழியில் இறங்கி இளைப்பாறுகின்றன. செப்டம்பரில் போனால் கோட்டையின் மாடியில் தொலைநோக்கியுடன் நிற்பவர்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். தெற்கே போகும் பருந்துகளையும் வல்லூறுகளையும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். கேட்டால் காட்டுவார்கள்.

கேள்வி: அவ்வளவு பெரிய பூங்காவில் வழி தவறிவிட்டால் என்ன செய்வது? எனக்கு ஆங்கிலமும் அவ்வளவாக வராது.
— ஆழ்வார்குறிச்சி வாசகி

பதில்: ராம்பிளில் பாதைகள் வேண்டுமென்றே வளைத்து வளைத்துப் போடப்பட்டவை, வழி தவறாதவர் கிடையாது. விளக்குத் தூண்களைப் பாருங்கள், அம்மா. ஒவ்வொன்றிலும் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் எந்தத் தெருவுக்கு நேராக நிற்கிறோம் என்பதைச் சொல்லும். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் பூங்காவின் மேற்குப் பக்கம், இரட்டைப்படையானால் கிழக்குப் பக்கம். 7903 என்றிருந்தால் 79ஆம் தெருவுக்கு நேரே, மேற்குப் பாதியில் நிற்கிறீர்கள் என்று பொருள். முதல் இரண்டு இலக்கங்கள் கூடிக்கொண்டே போனால் வடக்கே போகிறீர்கள். கைப்பேசி சார்ஜ் தீர்ந்துபோன ஒரு மாலையில், தூண் தூணாக எண்ணைப் படித்துக்கொண்டேதான் நான் 81ஆம் தெரு வாசலுக்கு வந்து சேர்ந்தேன்.